உதவி வந்துசேரும் வரை: மலையிலும் ஆழ்கடலிலும் நீண்ட நேர மருத்துவப் பராமரிப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணையின் மறுகரையில் உள்ள தோட்டமலை போன்ற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்துவிட்டால், அவரை நீர்க்கரை வரை தூக்கி வர வேண்டும். படகு கிடைக்க வேண்டும். அக்கரையில் ஜீப்போ 108 ஊர்தியோ காத்திருக்க வேண்டும். இவை எல்லாம் பகலில், மழையில்லாத நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக நடந்தால்தான் சில மணி நேரத்தில் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்ட முடியும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவை. அங்கே கப்பியில் கை நசுங்கியவருக்குக் கரை என்பது மணிக்கணக்கல்ல, நாள்கணக்கு.

முதலுதவிக் கையேடுகள் பெரும்பாலும் "உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. கொண்டு செல்ல வழியில்லாத அந்த ஆறு, பன்னிரண்டு, முப்பது மணி நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் உதவியாளராக வேலை பார்த்து ஊர் திரும்பிய நான், மலையடிவார இளைஞர்களுக்கும் கடற்கரைப் படகோட்டிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். படிப்பவர் மருத்துவர் அல்லர், அடிப்படை முதலுதவி மட்டும் அறிந்தவர் என்று கருதியே எழுதுகிறேன். ஊசியும் கத்தியும் தேவைப்படும் வேலைகளை முறையான பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இந்தக் கலை போர்க்களத்தில் வளர்ந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கவுலி, பலத்த காயம் பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம் என்றார். 2009ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஆஃப்கானிஸ்தானில் காயமடையும் வீரர்களை 60 நிமிடத்துக்குள் ஹெலிகாப்டரில் கொண்டு சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆனால் வானம் தன் வசம் இருக்கும் படைக்குத்தான் அது முடியும். 2022க்குப் பின் உக்ரைன் களத்தில் ட்ரோன்களுக்கு அஞ்சி ஹெலிகாப்டரும் ஊர்தியும் நெருங்க முடியாமல், காயம்பட்டவர்கள் பதுங்குகுழியிலேயே பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில் கிடக்க நேர்ந்தது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், நீண்ட நேரக் களப் பராமரிப்புக்கென்று தனி வழிகாட்டி நெறிகளை அமெரிக்க ராணுவ மருத்துவத்துறை வெளியிட்டிருந்தது. நம் ராணுவத்துக்கு இது பழைய கதை. சியாச்சினில் வானிலை மூடிக்கொண்டால் ஹெலிகாப்டர் வராது. இருப்பதை வைத்து இருக்கிற இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நம் கோதையாறு மலைக்கும் கார்த்திகை மாதத்துக் கடலுக்கும் அதே கணக்குப் பொருந்தும்.

முதல் பத்து நிமிடம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் எந்த முதலுதவி வகுப்பிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். வரிசை முக்கியம்: பீறிடும் ரத்தத்தை முதலில் நிறுத்துங்கள், அடுத்து மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், கடைசியாக உடல் குளிராமல் பார்ப்பதும் தலைக்காயத்தைக் கவனிப்பதும். ஆழமான காயத்துக்குள் சுத்தமான துணியைத் திணித்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், இடையில் எட்டிப் பார்க்காமல் அழுத்த வேண்டும். கை கால்களில் அதற்கும் அடங்காத ரத்தம் என்றால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப்பட்டையைக் கட்டி, கட்டிய நேரத்தை உடனே எழுதிவைக்க வேண்டும்.

நீண்ட நேரப் பராமரிப்பில் அந்தப் பட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் அதை அழுத்தக்கட்டாக மாற்ற முடியுமா என்று தொலைபேசியில் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் மருத்துவமனைக்கு வெளியே அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. ரத்தம் ஓடட்டும் என்று அரை மணிக்கொரு முறை தளர்த்தி மறுபடி இறுக்கும் பழைய வழக்கம் உயிருக்கே ஆபத்தானது.

பதினோராவது நிமிடம்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திகைத்துப்போகிறார்கள். ரத்தம் நின்றுவிட்டது, நோயாளி பேசுகிறார், சுற்றிலும் ஆட்கள் "தூக்கு, தூக்கு" என்கிறார்கள். அப்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: இவருக்கு இப்போது என்னென்ன கோளாறு இருக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் என்னென்ன நேரக்கூடும், என்னிடம் என்ன பொருளும் எத்தனை ஆட்களும் இருக்கின்றன, யாரை அழைப்பது.

அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலத்தில் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, கடலில் கடலோரக் காவல்படையின் 1554, கைபேசி எட்டாத தொலைவில் வி.எச்.எப். வானொலியின் 16ஆம் அலைவரிசை. அந்த வானொலியும் வெகுதூரம் எட்டாது என்பதால், பக்கத்துப் படகையோ கடந்துபோகும் சரக்குக் கப்பலையோ இடைத்தூதாகக் கொள்ள வேண்டியிருக்கும். மலையில் எந்தப் பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பதை முன்னரே அறிந்து வைத்திருங்கள். அந்தப் பாறைக்கு ஓடும் ஆளிடம் செய்தியை வாய்மொழியாகச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வயது, நேர்ந்தது எப்படி, காயம் எங்கே, இப்போதைய அளவுகள் என்ன, இதுவரை செய்தது என்ன, கேட்க வேண்டிய கேள்வி என்ன என்ற வரிசையில் எழுதினால் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் குடிதண்ணீரை "வெள்ளம்" என்றுதான் சொல்வோம். ஒருமுறை எங்கள் பையன் ஒருவன் தொலைபேசியில் "காலையிலிருந்து நிறைய வெள்ளம் குடிச்சிருக்காரு சார்" என்று சொல்ல, மறுமுனையில் இருந்த வடமாவட்டத்து மருத்துவர் அவர் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவர் என்று எண்ணி நுரையீரலைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார். அவசரத்தில் வட்டார வழக்குதான் நாக்கில் வரும் என்பதற்காகவும் எழுதிப் படிப்பது நல்லது.

தாளும் கடிகாரமும்

என்னைக் கேட்டால், மருந்துப் பையில் இருக்கும் பொருள்களிலேயே விலைமதிப்பானது கோடு போட்ட ஒரு தாள்தான். இடப்பக்கம் நேரம், மேலே நினைவு, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், விரல்நுனி ஆக்சிஜன், உடல் வெப்பம், வலி, உள்ளே போனது, வெளியே வந்தது, கொடுத்த மருந்து என்று கட்டங்கள். நிலை உறுதிப்படும் வரை கால் மணிக்கொரு முறையும், பிறகு மணிக்கொரு முறையும் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும்.

நினைவை நான்கு படியாக எழுதினால் போதும்: தானாக விழித்திருக்கிறார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், வலி தந்தால் மட்டும் அசைகிறார், எதற்கும் அசைவில்லை. மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். அழுத்தமானி இல்லாவிட்டால், மணிக்கட்டு நாடி கைக்குத் தட்டுப்படுகிறதா என்பதையும், நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்புகிறதா என்பதையும் எழுதுங்கள். குளிர்ந்த கையில் இந்த நகச் சோதனை ஏமாற்றும்.

ஒரு தாளை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ரப்பர் தோட்டச் சரிவில் உருண்டு விழுந்து இடது விலா அடிபட்டவர். வெளியே கீறல் மட்டும்தான். இரவு 9 மணிக்கு நாடி 88, மூச்சு 16. 10 மணிக்கு 96, 18. 11 மணிக்கு 108, 22. 12 மணிக்கு 118, 26. "தாகமா இருக்கு" என்கிறார், முகம் வெளிறியிருக்கிறது. இவற்றில் 10 மணி எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், 11 மணி எண்ணைக்கூட வலியால் வந்தது என்று சொல்லிவிடலாம். நான்கு வரிகளையும் மேலிருந்து கீழாகப் படித்தால்தான் வயிற்றுக்குள் மண்ணீரல் கசிந்துகொண்டிருக்கலாம் என்பது தெரியும். 90க்குக் கீழே ரத்த அழுத்தம் இறங்குவதற்காகக் காத்திருந்தால், அது இறங்கும்போது கையில் நேரம் இருக்காது. இளவயதுக்காரர்களின் உடல் கடைசிவரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு சட்டென்று விழும்.

எந்த எண்ணைக் கண்டால் மறுபடி அழைக்க வேண்டும் என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். நான் எழுதுவது: நாடி 120க்கு மேல், மூச்சு 30க்கு மேல் அல்லது 8க்குக் கீழ், ஆக்சிஜன் 92 விழுக்காட்டுக்குக் கீழ். மேலே பார்த்ததுபோல் எண்கள் வரிக்கு வரி ஏறிக்கொண்டே போனாலோ, நினைவு ஒரு படி இறங்கினாலோ, இந்த வரம்புகளுக்காகக் காத்திராமல்.

உள்ளே போனதும் வெளியே வந்ததும்

சிறுநீரை அளப்பது என்றால் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆய்வகம் இல்லாத இடத்தில் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போதிய ரத்தம் போகிறதா என்று காட்டும் கருவி இதைவிட மலிவாக வேறில்லை. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிலிட்டர் வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி., அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்தெடுத்து, விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டி, ஊசிக்குழலால் 50 மி.லி. தண்ணீராக ஊற்றி ஒவ்வொரு மட்டத்திலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டால் அளவுகலம் தயார். ஆறு மணி நேரத்துக்குச் சேர்த்து அளந்தாலும் போதும்.

நிறத்தையும் எழுதுங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. அடர் மஞ்சள் நீர் போதவில்லை என்கிறது. கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) நிறத்தில் வந்தால், நசுங்கிய தசையிலிருந்து வந்த பொருள் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கிறது அல்லது பாம்பு நஞ்சு வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நசுங்கல் காயத்தில் சிறுநீர் மணிக்கு 100 மி.லி.க்கும் மேல் வருமளவு நீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீர் கொடுப்பதற்கு எப்போதும் சலைன் பாட்டில் வேண்டும் என்பது நம் ஊர் நம்பிக்கை. "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காத வீடு குறைவு. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் பங்கானில் இருந்த அகதி முகாமில் காலரா பரவி சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொண்டு புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடிக்க முடிகிறவருக்கு வாயே சிறந்த வழி.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளருக்குக் கால் பொட்டலம் என்று குத்துமதிப்பாகப் பிரிப்பது தவறு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுப்பவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஓரிரு கரண்டியாகக் கொடுங்கள். நினைவு தெளிவற்றவருக்கு வாய்வழி எதுவும் கூடாது. வயிற்றில் காயம் பட்டவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

படுக்கை

என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். எல்லைக் காவல்சாவடி ஒன்றில் கெண்டைக்காலில் குண்டுச் சிதறல் பட்ட வீரர் ஒருவரை, பனி விலகும் வரை ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் நான் பார்த்துக்கொண்டேன். ரத்தத்தை நிறுத்தினேன், கட்டுப் போட்டேன், மருந்து நேரம் தவறவில்லை, மனத்துக்குள் பெருமையும் இருந்தது. ஆனால் கட்டிய தூக்குப்படுக்கையிலேயே ஒரே பக்கமாக அவரைக் கிடத்தி வைத்திருந்தேன். சில வாரங்களுக்குப் பிறகு வந்த செய்தி: சிதறல் காயம் ஆறிவிட்டது, குதிகாலில் விழுந்த படுக்கைப்புண்தான் ஆறவில்லை. அந்தக் குதிகாலின் கீழே ஒரு சுருட்டிய காலுறையை வைக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஆகவே தூக்கிவந்த பலகையிலோ ஏணியிலோ நோயாளியை விட்டுவைக்காமல், மடித்த கம்பளி அல்லது சாக்கின்மேல் பாய் விரித்துக் கிடத்துங்கள். இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றுங்கள். முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்றால் நான்கு பேர் சேர்ந்து ஒரே கட்டையைப் போல உருட்டி மாற்ற வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களைத் திருப்பும்போதெல்லாம் பாருங்கள். ஈரத்துணியை மாற்றுங்கள். மழையில் நனைந்து படகின் வேகக்காற்றில் வருபவர், குமரிக் கடலாக இருந்தாலும் குளிர்ந்துபோவார். குளிர்ந்த உடலில் ரத்தம் எளிதில் உறையாது. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். மலையில் அட்டை ஏறியிருக்கிறதா என்று கட்டுகளின் ஓரத்தையும் பாருங்கள்.

தலைக்காயம் பட்டவருக்கும் மூச்சுத் திணறுபவருக்கும், முதுகெலும்பில் அடியில்லை என்றால், தலைப்பக்கத்தை 30 பாகை அளவு உயர்த்துங்கள். நினைவிருப்பவரை மணிக்குப் பத்து முறை ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்லுங்கள். அடிபடாத காலின் பாதத்தை ஆட்டச் சொல்லுங்கள். நினைவற்றவரின் வாயை ஈரத்துணியால் துடைத்து, கண் மூடாமல் இருந்தால் இமையை இறக்கிவிடுங்கள்.

எலும்பு முறிவுக்கு வர்ம ஆசானிடம் போகும் வழக்கம் எங்கள் மாவட்டத்தில் இன்றும் உண்டு. அந்தக் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் முறிந்த இடம் முதல் இரண்டு நாளும் வீங்கும். அந்த நேரத்தில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு, யார் கட்டியதாக இருந்தாலும், உள்ளே தசையைச் சாகடிக்கும். மணிக்கொரு முறை விரல்களின் நிறம், சூடு, உணர்ச்சி மூன்றையும் பார்த்து எழுதுங்கள். முறிவுக்குரிய வலியைவிட வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை மெல்ல நீட்டினாலே அவர் அலறினாலோ, கட்டைத் தளர்த்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு 1 கிராம், ஆறு மணிக்கொரு தடவை, நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவருக்கு இந்த அளவு அதிகம் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தக்கசிவு உள்ளவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை கூடாது. ஆன்டிபயாட்டிக் எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். திறந்த முறிவில் அதை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தொலைபேசியில் நீங்களாகவே நினைவூட்டுங்கள்.

பார்ப்பவர்களும் முறை வைத்து மாற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே விழித்திருந்தால் தாளில் பொய் எண்கள் வரத் தொடங்கும்.

பாம்பும் திருக்கையும்

ரப்பர் பால்வெட்டு விடியுமுன்பே, தலைவிளக்கு வெளிச்சத்தில் தொடங்கிவிடும். பாம்பு நடமாட்டமும் அப்போதுதான். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், அரைஞாண் போன்றவற்றைக் கழற்றி விடுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு அருகிலேயே நேரத்தை எழுதுங்கள். அரை மணிக்கொரு கோடு. இமை சரிகிறதா, விழுங்க முடிகிறதா என்பதோடு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்பதையும் எழுதுங்கள். முதலில் 30 வரை எண்ணியவர் பிறகு 18, பிறகு 9 என்று குறைந்தால் மூச்சுத்தசை தளர்கிறது. கட்டுவிரியன் கடியில் பல் தடமே தெரியாமல் வயிற்றுவலியோடு மட்டும் விடிகாலையில் எழுபவர்கள் உண்டு. மூச்சு நின்றால், முகத்தில் பொருத்தி அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முகமூடிப் பையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. அவர் கண் திறக்க முடியாமல் கிடந்தாலும் காது கேட்கும், ஆகவே நம்பிக்கை இழந்த பேச்சை அவர் அருகில் பேசாதீர்கள்.

இந்தியாவில் கிடைக்கும் எதிர்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் உள்ள, மூக்குத் தூக்கிய சிறு குழிவிரியனின் நஞ்சை அது முறிக்காது. அந்தப் பாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், அங்கே நீங்கள் அளந்த சிறுநீர்க் கணக்கே மருத்துவருக்குப் பெரிய உதவி. பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். தொலைவில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

கடலில் திருக்கை குத்தினால், காயத்தைக் கழுவிவிட்டுத் தாங்கக்கூடிய வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி வெகுவாகக் குறையும். சூட்டை உதவுபவர் தன் கையால் பார்க்க வேண்டும், மரத்துப்போன காலை நம்பினால் வெந்துவிடும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டிக் கரைக்குத் திரும்ப வேண்டும். படகு அடுப்புத் தீக்காயத்துக்கு 20 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். உடனே முடியாவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பயன் உண்டு. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பை உடலின் 1 விழுக்காடாகக் கொண்டு எரிந்த அளவைச் சொல்லுங்கள்.

இப்போதா, விடிந்தா?

மலையில் மிகக் கடினமான கேள்வி இதுதான். இரவில் அணை நீரில் படகு, மழை, யானைத்தடம், வழுக்குப்பாறை எல்லாம் தூக்குபவர்களையும் நோயாளிகளாக்கக் கூடியவை. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்ற ஐயம், பாம்புக்கடி, நினைவு இறங்கும் தலைக்காயம், நெஞ்சுவலி, நீளும் பிரசவவலி ஆகியவற்றுக்கு இரவென்று பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்பது என் கருத்து. மூடிய கை கால் முறிவு, நின்றுபோன ரத்தம், நிலையான எண்கள் என்றால் விடியும் வரை வைத்துப் பார்ப்பதே நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்குத் தாளைப் படித்துக்காட்டி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வழி அடைத்தால் அடுத்தது என்று நான்கு வழிகளையாவது முன்பே எழுதி வைத்திருங்கள்.

கிளம்பும் முன் கட்டுகள், பத்தைகள் எல்லாவற்றையும் சரிபாருங்கள், வலி மருந்தை அரை மணி முன்பே கொடுங்கள், சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். நடுவழியில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. கம்பில் போர்வை கட்டிய தொட்டில் காய்ச்சல்காரருக்குச் சரி, முதுகெலும்பு அடிபட்டவருக்கு ஆகாது. தூக்குபவர்கள் குறைந்தது இரு அணியாக, களைக்கும் முன்பே தோள் மாற்ற வேண்டும். ஒருவர் தூக்காமல், பேசாமல், நோயாளியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். படகில் ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் கிடத்துங்கள்.

பையும் பயிற்சியும்

எது முதுகுப்பையில், எது வண்டியில், எது வீட்டில் என்று பொருள்களைப் பிரித்துவைப்பது களமருத்துவர்களின் பழக்கம். நமக்கு முதுகுப்பை, படகு அல்லது ஜீப், குடியிருப்பில் உள்ள பெட்டி என்று மூன்று. பையில் இறுக்குப்பட்டை இரண்டு, கட்டுத்துணி, கையுறை, ஆக்சிஜன் மானி, வெப்பமானி, ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், தலைவிளக்கு, முகமூடிப் பை. பெட்டியில் கம்பளி, தார்ப்பாய், அழுத்தமானி, அளவுக்கோடிட்ட பாட்டில்.

வகுப்பறையில் இரண்டு மணி நேரம் கேட்டதை வைத்து ஓர் இரவைக் கடக்க முடியாது. ஆகவே எங்கள் பயிற்சியை மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிப்போம். ஒருவர் கால் முறிந்தவராகப் படுத்துக்கொள்வார். மற்றவர்கள் முறை வைத்து எண்ணி, எழுதி, திருப்பி, குடிக்கக் கொடுத்து, அளந்து, மணிக்கொரு முறை தொலைபேசியில் படித்துக்காட்ட வேண்டும். நள்ளிரவு வரை சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். மூன்று மணிக்குமேல் தாளைப் பார்த்தால், யார் தூங்கிவிட்டு மூன்று வரிகளை ஒரே எண்ணால் நிரப்பினார்கள் என்று தெரிந்துவிடும். படுத்திருந்தவரிடமும் கேட்போம், எங்கே வலித்தது, எப்போது குளிர்ந்தது, யார் சொல்லாமல் தொட்டார்கள் என்று அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த முறை விரிப்பை மாற்றுவோம்.

காலையில் பையைத் திரும்ப அடுக்கும்போது, செலவான பொருளை அன்றே நிரப்பி, புதுத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, அவற்றோடு பேனாவுக்குப் பதில் இரண்டு பென்சில்களை வையுங்கள். மழையில் நனைந்த தாளில் பேனா எழுதாது.